தலைவர் தேர்தலில் தகராறு வந்தால்?



குழுவில் ஊக்குநரை மாற்றும் நேரம் வந்தாலே, "அவங்க ஆளுங்கள வச்சு ஜெயிச்சுட்டாங்க" என்று பேச்சு கிளம்பும். அதனாலேயே உடைந்து போகிற குழுவும் உண்டு. இப்படி ஒரு தகராறு நாட்டின் குடியரசுத் தலைவர் தேர்தலிலேயே வந்தது. அது எப்படித் தீர்ந்தது என்று பார்ப்போமா?

யார் ஓட்டுப் போடுவது?

இந்தத் தேர்தலில் நாம் நேரடியாக ஓட்டுப் போடுவதில்லை. நாம் தேர்ந்தெடுத்த எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் போடுகிறார்கள். தமிழ்நாட்டில் ஒரு எம்.எல்.ஏ. ஓட்டின் மதிப்பு 176. நம் கும்மிடிப்பூண்டி எம்.எல்.ஏ.வுக்கும் அதேதான். பிடித்த வேட்பாளருக்கு 1, அடுத்தவருக்கு 2 என்று எண் எழுத வேண்டும். மொத்த மதிப்பில் பாதிக்கு மேல் வாங்குபவரே ஜெயித்தவர்.

1969-இல் என்ன நடந்தது?

குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே காலமானார். ஆகஸ்டில் தேர்தல் நடந்தது. காங்கிரஸ் வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டி. தொழிற்சங்கத் தலைவராக இருந்த வி.வி. கிரி சுயேச்சையாக நின்றார். மனசாட்சிப்படி ஓட்டுப் போடலாம் என்றார் பிரதமர் இந்திரா காந்தி. கட்சியே இரண்டுபட்டது.

முதல் எண்ணிக்கையில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548. ஆனால் ஜெயிக்க 4,18,169 வேண்டும். மற்ற வேட்பாளர்களின் சீட்டுகளில் இருந்த அடுத்த விருப்பங்களையும் எண்ணினார்கள். முடிவில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. கிரி ஜெயித்தார்.

வழக்கு வந்தது

ரெட்டியைக் கேவலப்படுத்திப் பெயர் போடாத நோட்டீஸ் சுற்றியது, அதனால் தேர்தல் செல்லாது என்று உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். நாட்டின் முதல் குடிமகனான கிரியே நீதிமன்றத்துக்கு நேரில் வந்து சாட்சி சொன்னார். 'நான் தலைவர், என்னைக் கேட்கலாமா' என்று ஒதுங்கவில்லை. 1970-இல் தேர்தல் செல்லும் என்று தீர்ப்பானது. தோற்ற ரெட்டி 1977-இல் போட்டியே இல்லாமல் குடியரசுத் தலைவர் ஆனார்!

நமக்கு என்ன பாடம்?

* ரகசியச் சீட்டில் ஓட்டு, எல்லார் முன்னாலும் எண்ணிக்கை. யாருக்கு எத்தனை என்று தீர்மான நோட்டில் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும்.
* சந்தேகம் இருந்தால் குழாயடியில் பேசாமல் கூட்டத்தில் கேட்போம். தீராவிட்டால் கூட்டமைப்புக்கு எழுதிக் கொடுப்போம்.
* கேள்வி கேட்டவரைப் பகையாளியாகப் பார்க்க வேண்டாம். ஜெயித்தவர்தான் முதலில் கணக்கைக் காட்ட வேண்டும்.
* தோற்றவரும் நம் உறுப்பினர்தான். அடுத்த முறை அவரே ஊக்குநர் ஆகலாம்.

பதவி இன்று ஒருவருக்கு, நாளை இன்னொருவருக்கு. குழு நம் எல்லாருக்கும்!