வைசியாள் வீதி வீடு, புதுச்சேரி

பெரிய வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதியில் உள்ளது வைசியாள் வீதி. 1761-இல் ஆங்கிலேயர் இடித்துத் தள்ளிய இந்தப் பிரெஞ்சு நகரம் பின்னர் மீண்டும் எழுந்தது. இவ்வீதியின் பழைய வீடுகளில் கீழ்த்தளம் முழுக்கத் தமிழ் முறை: வழிப்போக்கர் ஒதுங்க, மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம், வந்தவர் அமரத் திண்ணை, உள்ளே வானம் பார்த்த முற்றம். மாடியோ வளைவுச் சன்னலும் சுவர்த்தூணுமாகப் பிரெஞ்சுச் சாயல் கொண்டது. இந்த இணைப்பு வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காதது. மரபுப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக்கின் முயற்சியால் வீதியின் பல முகப்புகள் சீரமைக்கப்பட்டன.

இத்தகைய வீடுகளின் பழைய செங்கல் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே உகந்தது. சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். சுவரடியில் உப்புப் பூத்து, காரை பொலபொலவென உதிரும். புதுப்பித்து விலைக்கு வரும் வீட்டில் முதலில் தட்டிப் பார்க்க வேண்டிய இடம் அந்தச் சுவரடிதான்.