ஒரே ரோட்டுக்கு 2 அடிக்கல்!
மதுரவாயல் பறக்கும் சாலை 13 ஆண்டு "பறக்காத" கதை

சென்னை,
அடிக்கல் ஒன்றல்ல, இரண்டு! இரண்டையும் நாட்டியவர்கள் பிரதமர்கள்! நடுவில் ஓடிப்போனது 13 ஆண்டு!

சென்னை துறைமுகம்-மதுரவாயல் பறக்கும் சாலைக்குத்தான் இந்தப் "பெருமை".

துறைமுகத்துக் கன்டெய்னர் லாரிகள் ஊருக்குள் சிக்காமல் நேரே பெங்களூர் ரோட்டைப் பிடிக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தத் திட்டம். கூவத்தை ஒட்டி சுமார் 19 கிலோமீட்டர். மதிப்பு ரூ.1,655 கோடி.

2009 ஜனவரியில் பிரதமர் மன்மோகன்சிங் அடிக்கல் நாட்டினார். மத்தியில் காங்கிரஸ் கூட்டணி, அதில் தி.மு.க.வும் உண்டு. கோட்டையில் கருணாநிதி ஆட்சி. பைல் மளமளவென்று நகர்ந்தது. 2010-ல் வேலை ஆரம்பம். கூவம் கரைக் குடிசைவாசிகள் பலர் மூட்டை முடிச்சோடு ஒக்கியம் துரைப்பாக்கம் போய்ச் சேர்ந்தார்கள்.

வேலை நின்றது

2011-ல் ஆட்சி மாறியது. ஜெயலலிதா முதல்-அமைச்சர் ஆனார். 2012 மார்ச்சில் விழுந்தது தடை!

தூண்களை ஆற்றுக்குள்ளேயே நடுகிறார்கள், வெள்ளம் வந்தால் தண்ணீர் போக வழி ஏது என்பது மாநில அரசின் வாதம். 2015 டிசம்பரில் கூவம் பொங்கியதைப் பார்த்தவர்கள் இதை லேசில் தள்ளிவிட முடியாது.

2014 பிப்ரவரியில் ஐகோர்ட்டு தடையை ரத்து செய்தது. அரசு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. வேலை? ஊஹூம்! கூவத்தில் தூண்கள் மொட்டையாக நின்றதுதான் மிச்சம்.

எதிரும் புதிரும் சேர்ந்தன

ஜெயலலிதாவுக்குப் பின் வந்த அ.தி.மு.க. ஆட்சியே பச்சைக்கொடி காட்டியது. 2021-ல் தி.மு.க. ஆட்சி. மத்தியில் பா.ஜ.க. அரசியலில் இரண்டும் எதிரும் புதிரும். ஆனாலும் 2022 மே மாதம் மாநில அரசு, துறைமுகம், கடற்படை, தேசிய நெடுஞ்சாலை ஆணையம் நாலும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. அதே மாதம் 26-ந்தேதி பிரதமர் மோடி இரண்டாவது அடிக்கல் நாட்டினார்.

இப்போது சாலை ஈரடுக்கு. மேல்தளம் துறைமுக லாரிகளுக்கு. கீழ்த்தளம் நகர வண்டிகளுக்கு. மதிப்போ ரூ.5,850 கோடி! அடுக்கு கூடியது உண்மை. விலைவாசியும் கூடியதே!

டெல்லியில் நடந்தது என்ன?

வாஜ்பாய் ஆட்சியில் தங்க நாற்கரச் சாலை வந்தது. 5,846 கிலோமீட்டர். பெட்ரோல், டீசல் மீது வரி போட்டுப் பணம் திரட்டினார்கள். மன்மோகன்சிங் ஆட்சியில் தனியார் முதலீடும் சுங்கச்சாவடியும் பெருகின. மோடி ஆட்சி 2017-ல் "பாரத்மாலா" என்று புதுப் பெயரில் இறங்கியது.

பணம் புரட்டும் வழி ஆட்சிக்கு ஆட்சி மாறியது. ஆனால் நாற்கரச் சாலையை அடுத்து வந்த அரசு கைவிடவில்லை. அதனால் அது முடிந்தது.

மதுரவாயல் சாலை சிக்கியது பணத்தில் அல்ல. ரோடு மத்திய அரசுடையது; ஆறும் கரையும் மாநிலத்தின் கையில். ஒரு கை இழுத்தால் மறு கை தள்ளுகிறது.

ஆற்றுக்குள் தூண் வருமா, வராதா என்பதை முதல் அடிக்கல்லுக்கு முன்பே உட்கார்ந்து பேசியிருந்தால்?

ரூ.1,655 கோடியோடு போயிருக்கும். குடிசையை இழந்தவர்களாவது ரோட்டைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்!