குட்டிக் காருக்கு மறுபிறவி!

"காப்பி அடிக்காதே!" என்று வகுப்பில் ஆசிரியர் அதட்டுவார். நானும் பல வருடங்கள் அதட்டியவன்தான். ஆனால், காப்பி அடிப்பதையே ஒரு கலையாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், குட்டீஸ்! பழைய பந்தயக் காரைப் பார்த்து, அச்சு அசலாக இன்னொன்றை உருவாக்குகிறவர்கள் அவர்கள்.

அப்படிப் பலரும் ஆசையோடு நகல் எடுக்கும் கார், இங்கிலாந்தின் 'மினி கூப்பர் எஸ்'.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மினி கார், 1959-ல் வெளிவந்தது. நீளம் சுமார் 10 அடிதான்! இன்ஜினைக் குறுக்குவாக்கில் வைத்ததால், உள்ளே நான்கு பேர் உட்கார இடம் கிடைத்தது. பந்தயக் கார் நிபுணர் ஜான் கூப்பர் அதற்கு வேகம் கூட்டினார்.

1964-ல் மான்டி கார்லோ ராலி. ஆல்ப்ஸ் மலையின் பனிப் பாதைகளில், பேடி ஹாப்கிர்க் சிவப்பு நிற மினியை ஓட்டினார். காரின் எண் 37. இன்ஜின் 1,071 சி.சி. எதிரே, ஏறத்தாழ நான்கு மடங்கு பெரிய இன்ஜின் கொண்ட ஃபோர்டு ஃபால்கன்! இன்ஜின் அளவையும் கணக்கில் சேர்த்துப் புள்ளிகள் போட்டார்கள். குட்டி மினியே வென்றது!

எப்படிச் செய்கிறார்கள்?

முதலில், ஒரு பழைய மினியை வாங்கி, முழுவதும் கழற்றுவார்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் சீட்டு கட்டி வைப்பார்கள். இல்லாவிட்டால், திரும்பப் பூட்டும்போது திண்டாட்டம்தான்!

அடுத்த எதிரி, துரு. லாரிக்கு இருப்பதுபோல முழு நீள சேசிஸ் மினிக்குக் கிடையாது. தகரக் கூடுதான் அதன் பலம். எனவே, துருப்பிடித்த இடத்தைப் பெயின்ட் அடித்து மறைத்தால் ஆபத்து. வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். வெட்டும்போது கூடு கோணிவிடாமல் இருக்க, கதவு இடைவெளியில் முதலில் இரும்புக் கம்பியை முட்டுக் கொடுப்பார்கள்.

பிறகு இரட்டை கார்புரேட்டர், முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், 10 அங்குலச் சக்கரங்கள், முகப்பில் கூடுதல் விளக்குகள். சிவப்பு உடம்பு, வெள்ளைக் கூரை. பழைய புகைப்படங்களைப் பார்த்துப் பார்த்து ஒப்பிடுவார்கள். பந்தயத்தில் ஓட்டுவதற்கு என்றால், உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டும் உண்டு. கார் உருண்டாலும் ஓட்டுநரைக் காக்கும்.

வேலை முடிந்ததும், ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. அது காருக்கு அல்ல, மனிதருக்கு!

வென்ற அசல் காருக்கு விலை மிக அதிகம். நகலை 'அசல்' என்று சொல்லி விற்றால், அது மோசடி. நல்ல கைவினைஞர், "இது நான் செய்த நகல்" என்று பெருமையாகச் சொல்வார். ஹாப்கிர்க் ஓட்டிய அசல் கார், இங்கிலாந்தின் கேடன் கிராமத்து மோட்டார் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது.

வகுப்பில் காப்பி அடிப்பவன், அடுத்தவன் விடையைத் தன் விடை என்கிறான். இவர்கள் அப்படிச் சொல்வதில்லை. வித்தியாசம் புரிகிறதா, குட்டீஸ்?