சர்வருக்கும் வேண்டும் ஒரு போகி!

"சர்வர்" என்றதும் உங்களுக்கு யார் நினைவு வருகிறது? ஓட்டலில் இட்லியும் சாம்பாரும் கொண்டு வந்து வைப்பவர்தானே?

இன்னொரு சர்வரும் உண்டு. அது ஒரு கம்ப்யூட்டர். கேட்டதைக் கொண்டு வந்து கொடுப்பதுதான் அதற்கும் வேலை! பாங்கில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று போனில் பார்க்கிறோம். புதுச்சேரியிலிருந்து சென்னைக்கு ரயில் டிக்கெட் எடுக்கிறோம். எங்கோ ஓர் அறையில் இரவும் பகலும் ஓடும் சர்வர்தான் நமக்குப் பதில் சொல்கிறது.

ஓட்டலுக்குப் பின்னால் சமையல் அறை இருப்பதுபோல, சர்வருக்குள் நூற்றுக்கணக்கான மென்பொருள் பொட்டலங்கள் இருக்கின்றன. "பாக்கேஜ்" என்பார்கள். நாளாக ஆக அவையும் பழசாகும். மாவு கெட்டால் நாற்றம் காட்டிக் கொடுத்துவிடும். பழைய மென்பொருள் நாற்றம் அடிக்காது. அதுதான் ஆபத்து!

திறந்து கிடந்த கதவு

அமெரிக்காவில் "ஈக்விபாக்ஸ்" என்று ஒரு கம்பெனி. யார் யார் கடனை ஒழுங்காகக் கட்டுகிறார்கள் என்று கணக்கு வைப்பது அதன் தொழில். அதன் சர்வர் ஒன்றில் "அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ்" என்ற மென்பொருள் இருந்தது.

அந்த மென்பொருளில் ஓர் ஓட்டை இருப்பது 2017 மார்ச்சில் வெளியே தெரிந்தது. ஓட்டையை அடைத்த புதிய பதிப்பும் இலவசமாகக் கிடைத்தது. "48 மணி நேரத்துக்குள் மாற்றுங்கள்" என்று கம்பெனிக்குள் உத்தரவும் போயிற்று. ஆனால் அந்த சர்வர் மட்டும் யார் கண்ணிலும் படவில்லை!

மே மாதம் திருடர்கள் புகுந்தார்கள். ஜூலைக் கடைசி வரை உள்ளேயே இருந்தார்கள். சுமார் 14 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்கள் பறிபோயின. பெயர், பிறந்த தேதி, அடையாள எண் எதுவும் தப்பவில்லை. கம்பெனித் தலைவர் பதவி விலகினார். 2019-ல், குறைந்தது 57 கோடியே 50 லட்சம் டாலர் கொடுக்கக் கம்பெனி ஒப்புக்கொண்டது.

அதே 2017 மே 12-ந்தேதி, "வான்னாக்ரை" என்ற கிருமி உலகத்தையே கலக்கியது. விண்டோஸில் இருந்த ஓட்டை வழியாக அது புகுந்தது. அதற்கு மருந்தை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது. போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள்! இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான நோயாளிகள் டாக்டரைப் பார்க்க முடியாமல் போயிற்று. ஆந்திராவில் போலீஸ் கம்ப்யூட்டர்களும் சிக்கின.

சுத்தம் செய்வது எப்படி?

பெரும்பாலான சர்வர்களில் லினக்ஸ் ஓடுகிறது. அதில் "டெபியன்" என்பது பெரிய குடும்பம். சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய "பாஸ்" லினக்ஸும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

இந்தக் குடும்பத்தில் "ஆப்ட்" என்று ஒரு கருவி உண்டு. மளிகைக்கடைக் கணக்குப்பிள்ளை மாதிரி! எது பழசு, எதற்குப் புதுசு வந்திருக்கிறது என்று முதலில் பட்டியல் எடுக்கும். பிறகு பழசை மாற்றிப் புதுசை வைக்கும்.

இன்னொரு வேலையும் செய்யும். கல்யாணத்துக்கு வந்த விருந்தாளி நாலு பேரைக் கூட்டி வந்தார். விருந்தாளி ஊருக்குப் போய்விட்டார். கூட வந்த நாலு பேரும் திண்ணையில் படுத்திருக்கிறார்கள்! மென்பொருளிலும் இப்படி உண்டு. ஒன்றைப் போட்டால், துணைக்குப் பல வரும். அதை எடுத்த பிறகும் துணை நிற்கும். "ஆட்டோரிமூவ்" என்று கட்டளை கொடுத்தால், யாருக்கும் தேவைப்படாத துணைகளை ஆப்ட் வெளியேற்றிவிடும்.

மென்பொருளுக்கு ஆயுளும் உண்டு. "உபுண்டு" நீண்டகாலப் பதிப்புக்கு 5 வருஷம் பாதுகாப்பு இலவசம். அதற்குள் அடுத்த பதிப்புக்கு மாறுவது நல்லது.

கண்ணை மூடிக்கொண்டு வீசலாமா?

கூடாது! புதுச்சேரியில் 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தில் ஆயிரக்கணக்கான ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. அங்குள்ள சைவச் சுவடிகளை, 2005-ல் யுனெஸ்கோ உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது. அவை பிழைத்த சுவடிகள். பிழைக்காதவை எத்தனையோ! பழசு என்று ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டவர்களும் உண்டு. போனது போனதுதான்.

ஓலை நைந்தால், அறிந்தவர்கள் புது ஓலையில் பிரதி எடுத்தார்கள். சர்வரிலும் அதுவே முறை. முதலில் பிரதி எடுக்க வேண்டும். எது எதை நம்பி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். வேறொரு கம்ப்யூட்டரில் சோதிக்க வேண்டும். பிறகுதான் கை வைக்க வேண்டும்.

உங்கள் வீட்டிலும்...

உங்கள் கைபோனும் ஒரு கம்ப்யூட்டர்தான். "அப்டேட்" என்று அது கேட்டால் தள்ளிப் போடாதீர்கள். போட்டோக்களைப் பிரதி எடுத்துவிட்டுச் செய்யுங்கள். மாதக்கணக்கில் தொடாத செயலிகளை எடுத்துவிடுங்கள். பூட்டு துருப்பிடித்தால் மாற்றுகிறோம் அல்லவா? இதற்கும் அதே நியாயம்தான்!