வாய்ஸ் நோட்டை அழித்துவிட்டு வராதீர்கள்

கைமாற்றுக் கடன், வீட்டு அட்வான்ஸ், சீட்டுப் பணம் என எந்தத் தகராறானாலும் இப்போது ஒரே கதைதான். டைப் செய்த இரண்டு தாள்களை நீட்டி, “வாட்ஸ்அப்ல அவர் பேசி அனுப்பினது எல்லாம் இதுல இருக்கு சார்” என்கிறார்கள். குரல் எங்கே என்று கேட்டால், “போன்ல இடம் இல்லை, அழிச்சிட்டேன். அதான் எழுத்தா எடுத்துட்டேனே!” தாளில் யார் வேண்டுமானாலும் எதையும் டைப் செய்யலாம். “நான் அப்படிச் சொல்லவே இல்லை” என்று எதிராளி ஒரே வரியில் முடித்துவிடுவார்.

குரலை எழுத்தாக்குவது தவறில்லை. காது கேளாதவருக்கும் பேருந்து இரைச்சலில் நிற்பவருக்கும் அது பெரிய உதவி. 2024 நவம்பரில் வாட்ஸ்அப்பே இந்த வசதியை அறிவித்தது. எழுத்தாக்கம் நம் போனுக்குள்ளேயே நடக்கிறது. ஆனால், அறிமுகமானபோது மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை. உடனே நம்மவர்கள் ஊர் பேர் தெரியாத செயலிகளைத் தேடிப் போனார்கள். பல செயலிகள் ஒலிக்கோப்பைத் தங்கள் சர்வருக்கு ஏற்றித்தான் எழுத்தாக்குகின்றன. மாமியாரின் மருத்துவ ரிப்போர்ட்டும் வங்கிக் கணக்கு விவரமும் அதோடு போய்விடும். கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் தமிழைக் கேட்டு எழுதும். ஒரு போனில் ஒலிக்கவிட்டு இன்னொன்றில் பார்க்கலாம். ரகசியமான பேச்சு என்றால் அதுவும் வேண்டாம், காதால் கேட்டுக் கையால் எழுதுங்கள்.

கருவி எழுதித் தந்ததை அப்படியே நம்புவது அடுத்த ஆபத்து. ‘குடுத்துட்டேன்’ என்பதற்கும் ‘குடுத்துடுறேன்’ என்பதற்கும் நடுவே ஒரு கடன் வழக்கே இருக்கிறது. ‘அம்பதாயிரம்’ ‘ஒம்பதாயிரம்’ ஆனால் 41 ஆயிரம் காணாமல் போகும். குரலோடு ஒப்பிட்டு இரண்டு முறை கேளுங்கள். நாள், நேரம், பேசியவர், எத்தனை நொடி என்று குறியுங்கள். வட்டாரப் பேச்சை இலக்கணத் தமிழாகத் திருத்தாதீர்கள். கேட்காத இடத்தில் ‘தெளிவில்லை’ என்று எழுதுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள்.

இனி சட்டம். 1872-ம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் இடத்துக்கு 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதினியம் வந்துவிட்டது. மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்தால் பிரிவு 63(4)-ன்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். படிவம் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. பகுதி ‘ஏ’யைத் தாக்கல் செய்பவரும், பகுதி ‘பி’யை நிபுணரும் நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். போனின் தயாரிப்பு, மாடல், நிறம், ஐ.எம்.இ.ஐ. எண், கோப்பின் ஹாஷ் எண் எல்லாம் கேட்பார்கள். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை. எம்.பி.3-ஆக மாற்றினாலோ ஒரு நொடியை வெட்டினாலோ அது மாறிவிடும். ஆகவே வெட்டாதீர்கள், மாற்றாதீர்கள்.

பழைய சட்டத்தின் 65பி சான்றிதழ் கட்டாயம் என்று அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அசல் கருவியையே உரிமையாளர் கொண்டுவந்து, சாட்சிக் கூண்டில் ஏறி நிரூபித்தால் சான்றிதழ் தேவையில்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. வழக்கு நடக்கும்போது போனை எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் தள்ளிவிடுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மிரட்டலோ பண விவகாரமோ குரலாக வந்தால் அன்றே அந்த உரையாடலை மீடியாவோடு சேர்த்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அனுப்பியவரால் இரண்டு நாள் கழித்தும் எல்லோருக்குமாக அழிக்க முடியும். மெசேஜ் தானாக மறையும் அமைப்பு இருந்தால் 24 மணி நேரத்திலேயே போகலாம். ஆண்ட்ராய்டு போனில் குரல், ‘வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்’ என்ற ஃபோல்டரில் ‘ஓபஸ்’ கோப்பாகக் கிடக்கும். அதை பென் டிரைவிலும் நகலெடுங்கள்.

இணையவழிப் பண மோசடி என்றால் உடனே 1930. மற்ற சைபர் குற்றங்களுக்கு தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளம். மிரட்டலுக்கு உள்ளூர் காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுத்து, அதைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். “வாட்ஸ்அப் பேச்செல்லாம் செல்லாதும்மா” என்று அனுப்பிவைக்கும் அதிகாரிகள் இன்னும் இருக்கிறார்கள். செல்லும், சட்டத்தில் இருக்கிறது. குற்றத்துக்கு எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 173(4)-ன்படி புகாரை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம்.

மறுபடியும் சொல்கிறேன். எழுத்து நீங்கள் படிக்க, குரல் நீதிமன்றம் கேட்க. போனில் இடம் வேண்டுமென்றால் காலை வணக்கப் படங்களை அழியுங்கள்.