புனித ஜெரோமின் இறுதி நற்கருணை

விவிலியத்தை இலத்தீனில் பெயர்த்தளித்த புனித ஜெரோம், கி.பி. 420இல் பெத்லகேமில் மறைவதற்குச் சற்று முன் நற்கருணை, அதாவது கிறிஸ்துவின் உடலெனக் கத்தோலிக்கர் நம்பும் அப்பம், பெறும் காட்சியை, பொலோஞ்ஞாவில் பிறந்த தொமெனிக்கினோ (1581–1641) என்னும் ஓவியர் உரோமை நகரின் சான் ஜிரோலமோ தெல்லா கரித்தா ஆலயத்து முதன்மைப் பீடத்திற்காக 1614இல் தீட்டினார்.

நான்கு மீட்டருக்கும் மேல் உயரமான அந்த ஓவியத்தில், தோல் தளர்ந்து எலும்பு புடைத்த முதியவரின் உடலைச் சூழ்ந்திருப்போர் தாங்கிப் பிடிக்க, குரு அப்பத்தை ஏந்திக் குனிகிறார். மண்டியிட்ட பெண்ணொருத்தி துறவியின் கையை முத்தமிடுகிறாள். அவருடைய கதையோடு பிரியாத சிங்கமும் அருகில் கிடக்கிறது. எவரும் ஓலமிடுவதில்லை. துயரம் முழுவதும் தலைகளின் சாய்விலும் கைகளின் அசைவிலும் அடங்கிநிற்க, பார்ப்பவரின் கண் அந்தச் சிறிய அப்பத்தை நோக்கியே செல்கிறது. பண்டைய உரோமையின் சிற்பங்களையும் ரஃபேலின் ஓவியங்களையும் அளவுகோலாகக் கொண்டு, உணர்ச்சியை ஒழுங்குக்குள் நிறுத்திக் காட்டும் இம்முறையே செவ்வியல் பாணி எனப்படுகிறது. தொமெனிக்கினோ அதனைக் கராச்சி குடும்பத்து ஓவியர்களிடம் பயின்றார்.

அக்குடும்பத்தைச் சேர்ந்த அகொஸ்தீனோ கராச்சி இதே காட்சியைப் பொலோஞ்ஞாவின் துறவுமடம் ஒன்றுக்காக முன்னரே வரைந்திருந்தார். தொமெனிக்கினோவின் போட்டியாளரான லான்ஃபிராங்கோ அதைச் சுட்டிக்காட்டித் திருட்டு என்று குற்றஞ்சாட்டியதோடு, அம்மூல ஓவியத்தின் அச்சுப்படிகளையும் பரப்பச் செய்தார். கடன்பட்டது உண்மையே. ஆயினும், அகொஸ்தீனோவின் நெரிசலான கூட்டத்தைக் குறைத்து, குருவும் துறவியும் இருக்கும் பக்கங்களை மாற்றி, இருவருக்கும் இடையே வெளியைத் திறந்துவிட்டதில்தான் தொமெனிக்கினோவின் மேதைமை இருக்கிறது. முந்தைய ஓவியத்தில் கூட்டத்தோடு கூட்டமாகக் கரைந்துபோகும் நற்கருணைக் கணம், இங்கே முழுக் கனத்தோடு நிற்கிறது. பிரெஞ்சு ஓவியர் பூசன் இதனை ரஃபேலின் ‘உருமாற்ற’ ஓவியத்திற்கு இணையாக மதித்தார் என்பது குற்றஞ்சாட்டியவர்களுக்குப் போதுமான விடை.

நெப்போலியன் காலத்தில் பாரிசுக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஓவியம், அவருடைய வீழ்ச்சிக்குப்பின் உரோமைக்கு மீண்டு இன்று வத்திக்கான் ஓவியக்கூடத்தில் உள்ளது. அது முதலில் இருந்த ஆலயத்துப் பீடத்தில் கமுச்சீனி என்னும் ஓவியர் வரைந்த நகல் வைக்கப்பட்டுள்ளது.