இலையின் விலை

பெரு நாட்டில் இக்கிட்டோஸ் நகருக்கு அருகே, அமேசான் காட்டுக்குள் நடந்தால் காலடி மண் சட்டென்று மாறும் இடங்கள் உண்டு. அதுவரை செங்களிமண், அடுத்து வெளேரென்ற குவார்ட்ஸ் மணல். பெய்யும் மழை ஒன்றுதான், அடிக்கும் வெயிலும் ஒன்றுதான். ஆனால் மரங்கள் வேறு. களிமண்ணில் நிற்கும் மரத்தின் நெருங்கிய உறவினம் மணலில் நிற்கும். அது இங்கே வராது, இது அங்கே போகாது.

சத்துக் குறைவுதான் காரணம் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். வெண்மணலில் தழைச்சத்தும் மணிச்சத்தும் தங்காது. அந்த வறுமைக்குப் பழகிய மரம் மட்டும் அங்கே பிழைக்கும், மற்றது பட்டுப்போகும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

பால் ஃபைன், இத்தாலோ மெசோனெஸ், பில்லிஸ் கோலி ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆறு பேரினங்களைச் சேர்ந்த 20 மர இனங்களின் நாற்றுகளை இரு மண்ணிலும் மாற்றி மாற்றி நட்டார்கள். ஒரு பகுதி நாற்றுகளைப் பூச்சி நுழையாதபடி வலைக்குள் வைத்தார்கள், மற்றவற்றைத் திறந்துவிட்டார்கள். முடிவு 2004இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. வலைக்குள் இருந்தவரை களிமண் இனங்களே இரண்டு மண்ணிலும் வேகமாக வளர்ந்தன, வெண்மணலிலும்கூட! வலை இல்லாத இடத்தில்தான் கதை மாறியது. மணலில் நின்ற களிமண் நாற்றுகளின் இலைகளைப் பூச்சிகள் தின்று தீர்த்தன. போன இலைக்குப் பதில் புது இலை விட அந்த மண்ணில் வழியில்லை. மணல் இனங்கள் முந்திக்கொண்டன. களிமண்ணிலோ மணல் இனங்கள் வேகத்தில் பின்தங்கின. ஆக, எந்த மரம் எந்த மண்ணில் என்பதை மண் மட்டும் தீர்மானிக்கவில்லை. பூச்சியும் சேர்ந்தே தீர்மானித்திருக்கிறது.

தாவரத்தின் கணக்கைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் இது விளங்கும். ஒளிச்சேர்க்கையில் வரும் சர்க்கரை, வேர் உறிஞ்சும் நைட்ரஜன் இரண்டும்தான் முக்கிய வரவு. அதை வைத்துப் புது இலை விடலாம். அல்லது இருக்கிற இலைக்கு நார், நஞ்சு, கசப்பு என்று காவல் போடலாம். ஒரே கிராம் நைட்ரஜனை இரண்டுக்கும் செலவழிக்க முடியாது. புது இலையின் வருமானத்தில் அடுத்த இலை வரும், அதன் வருமானத்தில் இன்னொன்று. இது கூட்டுவட்டிக் கணக்கு. வட்டி விகிதம் உயர்ந்த இடத்தில், அதாவது வெளிச்சமும் சத்தும் தாராளமாக உள்ள இடத்தில், காவலுக்கு எடுத்துவைக்கும் சிறு தொகைகூடப் பின்னால் பெரிய இழப்பாக வளரும். அங்கே பூச்சி தின்பதைத் தின்னட்டும் என்று விட்டுவிட்டு அடுத்த இலையை விடுவதே லாபம். வட்டி குறைந்த இடத்தில் கணக்கு தலைகீழ். காவலால் இழக்கும் வளர்ச்சி அற்பம். போகும் இலையோ மாதக்கணக்கில் சேர்த்த முதல்.

கோலி, ஜான் பிரையன்ட், ஸ்டூவர்ட் சேப்பின் மூவரும் 1985இல் முன்வைத்த கருத்து இதுதான். இதில் பிரையன்டும் சேப்பினும் அலாஸ்காவில் பனிமுயல் கடிக்கும் புதர்களோடு மல்லுக்கட்டியவர்கள். கோலி வெப்பமண்டலக் காட்டுக்காரர். உறைபனியும் மழைக்காடும் ஒரே கணக்குக்கு வந்து சேர்ந்தது எனக்கு இந்தக் கருத்தில் மிகவும் பிடித்த விஷயம். (மரம் உட்கார்ந்து கணக்குப் போடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தப்பாகச் செலவழித்த வம்சங்கள் அற்றுப்போயின, அவ்வளவுதான்.)

கோலியின் கையில் அதற்கு முன்பே பனாமா சான்று இருந்தது. பனாமா கால்வாய்க்காகத் தேக்கிய நீரில் மூழ்காமல் நின்ற மலையுச்சிதான் பாரோ கொலராடோ தீவு. அங்கே அவர் நாற்பதுக்கும் மேற்பட்ட மர இனங்களின் இலைகளுக்கு அடையாளமிட்டு, பூச்சி தின்ற பரப்பை அளந்தார். மரம் விழுந்து வெயில் இறங்கிய இடத்தில் சடசடவென்று வளரும் முன்னோடி இனங்கள் ஒரு வகை. நிழலில் பொறுமையாகக் காத்திருக்கும் இனங்கள் இன்னொரு வகை. முதல் வகையின் முதிர்ந்த இலைகள் இரண்டாம் வகையைவிட ஆறு மடங்கு வேகத்தில் தின்னப்பட்டன. எது சிறந்த காவல் என்று பார்த்தால், எந்த வேதிப்பொருளையும்விட இலையின் விறைப்புதான் முன்னால் நின்றது. பூச்சியின் தாடைக்கு மசியாத இலை தப்பிக்கிறது.

வேதிப்பொருள்களில் ஏழை மண்ணின் மரங்கள் அதிகம் நம்புவது டானினை. இதைக் கட்ட நைட்ரஜன் வேண்டாம். சர்க்கரையிலிருந்து வரும் கார்பனே போதும். நாக்கில் துவர்ப்பாகத் தெரிவது இதுதான். டானின் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். நம் ஊரில் ஆவாரம்பட்டையைப் போட்டுத் தோல் பதனிட்டதும் இந்தக் குணத்தால்தான். எல்லாப் பூச்சியிடமும் இது பலிக்காது, கம்பளிப்புழுக்கள் பலவற்றின் குடலில் உள்ள காரத்தன்மை அந்தப் பிடியைத் தளர்த்திவிடும். குரங்கிடம் நன்றாகவே பலிக்கிறது. டாயில் மெக்கியும் சக ஆய்வாளர்களும் 1978இல் இரண்டு ஆப்பிரிக்கக் காடுகளை ஒப்பிட்டார்கள். கேமரூன் கடற்கரையோரம் டுவாலா-எடியா காட்டில் மண் சத்தற்றது. உகாண்டாவின் கிபாலே காட்டில் வளமானது. கேமரூன் இலைகளில் டானின் உள்ளிட்ட ஃபீனால் பொருள்கள் ஏறத்தாழ இரு மடங்கு இருந்தன. கொலோபஸ் குரங்குகள் இலைதின்னிகள் என்று பெயர் பெற்றவை. கேமரூனின் கறுப்புக் கொலோபஸோ தன்னைச் சுற்றிச் செழித்த மரங்களில் பெரும்பாலானவற்றின் இலையைத் தொடாமல் விதைகளைத் தேடித் தின்றது.

இத்தனை ஏற்பாட்டிலும் ஓர் ஓட்டை உண்டு: தளிர். விரிய வேண்டிய இலை விறைக்க முடியாது. வெப்பமண்டல நிழல் மரங்களில், ஓர் இலை தன் ஆயுளில் படும் சேதத்தில் சுமார் 70 விழுக்காடு, அது விரிந்து முற்றும் அந்தச் சில வாரங்களிலேயே நடந்துவிடுகிறது. இலங்கையின் தேசிய மரமான நாகமரம் துளிர்க்கும்போது பார்த்திருக்கிறீர்களா? மரமே செக்கச்செவேலென்று இருக்கும், இலைகள் துவண்டு தொங்கும். மாந்தளிரும் செம்பு நிறத்தில் அப்படித்தான். பச்சை ஏறுவதை இப்படித் தள்ளிப்போடும் இனங்கள் பச்சையத்தையும், ஒளிச்சேர்க்கைக்கான புரதங்களையும் இலை முற்றிய பிறகே முழுதாக நிரப்புகின்றன. முதலில் பரப்பு, அப்புறம் நார், கடைசியில் சரக்கு. தளிர்ப் பருவத்திலேயே புழு தின்றுவிட்டாலும் நைட்ரஜன் நஷ்டம் குறைவு. அந்த வாரங்களில் தளிர் பெரிதாக எதையும் சம்பாதிக்காது, உண்மைதான். நிழலில் வெளிச்சமே அரிது என்பதால் அந்த நஷ்டம் பெரிதல்ல.

எப்போதும் காவல் வைத்திருக்காமல், கடி விழுந்த பின் ஆளைக் கூப்பிடும் தாவரங்களும் உண்டு. அமெரிக்காவின் யூட்டா பாலைநிலத்துக் காட்டுப் புகையிலை, இலை காயப்பட்டதும் வேரில் நிகோட்டின் தயாரித்து மேலே அனுப்பும். ஆய்வாளர் இயன் பால்ட்வின் சில செடிகளுக்குக் காயத்தின் சமிக்ஞையான ஜாஸ்மோனேட்டைக் கொடுத்து ஏமாற்றினார். தின்னிகள் வந்த இடத்தில் அந்தச் செடிகள் கூடுதல் விதை தந்தன. வராத இடத்தில் மற்றவற்றைவிடக் குறைவாகத் தந்தன. காவலுக்கும் கூலி உண்டு என்பதற்கு 1998இல் வந்த நேரடிச் சான்று இது.

நெல் வயலில் இந்தக் கணக்கில் நாம் கை வைக்கிறோம். யூரியா கூடினால் பயிர் கரும்பச்சையாகும், இலை மென்மையாகும், சாறில் நைட்ரஜன் ஏறும்; புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் பெருகும். அனுபவமுள்ள விவசாயிக்கு இது புதிய செய்தியல்ல. யூரியா அளவு மீறாமலிருக்கத்தான் இலை வண்ண அட்டை வந்தது. மேலே முழுதாக விரிந்த இலையை அட்டையின் பச்சைப் பட்டைகளோடு ஒப்பிட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4. இலை அதைவிட வெளிறியிருந்தால் மட்டும் அடுத்த தவணை யூரியா.